கோட்டுக்குள் விடுபட்டவை

கார்ட்டூன் பாத்திரம் பல கைகளால் வரையப்படுவதற்கென்றே பிறந்த ஓவியம். திரையில் ஒரு நொடி ஓட 24 சட்டகங்கள் வேண்டும். ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு வைத்துச் சிக்கனம் செய்தாலும் ஏழெட்டு நிமிடப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் வரைந்தாக வேண்டும். ஒருவரால் அது முடியாது. பலர் வரைந்தாலும் ஒருவரே வரைந்தாற்போலத் தெரியவேண்டும். இந்த நெருக்கடியிலிருந்துதான் வட்டமும் குழாயுமான அந்த உடல்கள் பிறந்தன. 1928இல் வால்ட் டிஸ்னிக்காக அப் ஐவர்க்ஸ் வரைந்த மிக்கி மவுஸின் தலை ஒரு வட்டம், காதுகள் இரண்டு வட்டம், கைகால்கள் மூட்டில்லாத ரப்பர் குழாய்கள். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் காதுகள் வட்டமாகவே இருக்கும். பக்கவாட்டில் காது எப்படித் தெரியும் என்ற கேள்வியே வரைபவருக்கு எழுவதில்லை. கைக்கு நான்கு விரல்தான். ஒரு விரலைக் குறைத்தால் ஆயிரக்கணக்கான படங்களில் அத்தனை கோடுகள் மிச்சம். டிஸ்னி ஸ்டுடியோவில் பென்சில் படங்களைச் செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து வண்ணம் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெண்கள். தம் கையின் சாயல் எந்தக் கோட்டிலும் தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர்களிடம் எதிர்பார்க்கப்பட்ட தேர்ச்சி.

அந்தக் கோட்டுக்கு இதனால் பெரும் சுதந்திரம் கிடைத்தது. 1930இல் ஹாலிவுட்டுக்குப் போனபோது டிஸ்னியைச் சந்தித்த சோவியத் இயக்குநர் செர்கேய் ஐசன்ஸ்டைன், பத்தாண்டு கழித்து டிஸ்னி பற்றி விரிவான குறிப்புகள் எழுதினார். எந்த வடிவத்திலும் நிலையாகச் சிக்கிக்கொள்ளாமல் வேண்டிய உருவத்தை எடுத்துக்கொள்ளும் ஆற்றலையே அவர் அதில் கண்டார். தொழிற்சாலையின் தாளத்துக்குக் கட்டுப்பட்ட மனிதருக்கு அந்த நெகிழ்ச்சி எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் சொன்னார். ஆனால் அந்த நெகிழ்ச்சிக்காகக் கோடு பலவற்றைக் கழித்துவிட வேண்டியிருந்தது. எலும்பு போயிற்று, எடை போயிற்று. பாறை விழுந்து தட்டையானவன் அடுத்த நொடி எழுந்து ஓடுவதால் வலியும் சாவும் போயின. வரைந்தவரின் கை மறைந்தது. அந்த உருவம் எங்கிருந்து வந்தது என்ற வரலாறும் மறைந்தது.

இந்தப் பழைய உருவங்களைக் கடந்த அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓவியர்களும் சிற்பிகளும் கையிலெடுத்துப் புதிதாக்கி வருகிறார்கள். அவற்றுள் காலத்தில் நிற்பவை, கோடு கழித்துவிட்டவற்றில் ஏதோ ஒன்றைத் தேடி எடுத்துத் திரும்ப வைத்தவை. குழந்தைகளின் பொம்மையை அசிங்கப்படுத்திப் பார்ப்பவரை அதிரவைப்பதோடு நின்றவற்றுக்கு ஆயுள் குறைவு.

இந்த உருவங்களின் தொடக்கத்திலேயே இரவல் இருக்கிறது. டிஸ்னியும் ஐவர்க்ஸும் மிக்கிக்கு முன் உருவாக்கிய ஆஸ்வால்ட் என்ற முயலின் உரிமை யூனிவர்சல் நிறுவனத்திடம் இருந்தது. 1928இல் அது கைவிட்டுப்போன பிறகே மிக்கி பிறந்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி திரையரங்கில் வெளியான 'ஸ்டீம்போட் வில்லி' என்ற படத்தின் தலைப்பு, சில மாதங்களுக்கு முன் வந்த பஸ்டர் கீட்டனின் 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' படத்தைக் குறும்பாகத் தொட்டது. பிற்காலத்தில் பதிப்புரிமைக்காக இவ்வளவு கடுமையாகப் போராடிய ஒரு நிறுவனத்தின் முதல் பெருவெற்றி இன்னொருவர் படத்தின் பெயரில் விளையாடியது என்பதை மறக்க வேண்டியதில்லை.

ஓவியத்தில் திருப்பம் 1961இல் வந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ராய் லிக்டென்ஸ்டைன் அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக அரூப ஓவியங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்த ஆண்டு அவர் தீட்டிய 'லுக் மிக்கி' இப்போது வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. உயரம் சுமார் நான்கடி, அகலம் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. மூலம், 1960இல் வந்த டொனால்ட் டக் பற்றிய ஒரு சிறுவர் படப்புத்தகம். மரத்துறையின் ஓரத்தில் குனிந்து நிற்கிறது டொனால்ட். பெரிய மீன் மாட்டிவிட்டது என்ற பரவசத்தில் கண்கள் தண்ணீரைப் பார்த்து விரிந்திருக்கின்றன. தூண்டில் முள் மாட்டியிருப்பதோ அதன் சட்டையின் பின்புறத்தில். பின்னால் நிற்கும் மிக்கி கையுறை அணிந்த கையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்குகிறது.

மூலப்படத்தில் இருந்த மற்றவற்றை லிக்டென்ஸ்டைன் நீக்கிவிட்டார். மஞ்சள், நீலம், சிவப்பு, வெள்ளை என்று வண்ணத்தைச் சுருக்கினார். மூலத்தில் இல்லாத பேச்சுக்குமிழ் ஒன்றைச் சேர்த்தார். மலிவான அச்சில் நிறத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்காட்ட இடும் சிறு புள்ளிகளை மிக்கியின் முகத்திலும் டொனால்டின் கண்களிலும் கையால் வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்டது நாய்க்கு முடி வாரும் பிளாஸ்டிக் பிரஷ். அதை எண்ணெய் வண்ணத்தில் தோய்த்துத் துணியில் ஒற்றினார். அருகே போய்ப் பார்த்தால் புள்ளிகள் ஒரே அளவாக இல்லை, சில இழுபட்டிருக்கின்றன. பென்சிலால் போட்ட முதற்கோடுகளும் அழிக்கப்படாமல் தெரிகின்றன. எட்ட நின்றால் இயந்திரம் அச்சிட்டது, கிட்டப் போனால் ஒருவர் தடுமாறித் தடுமாறிக் கையால் செய்தது. அச்சகமும் ஸ்டுடியோவும் சேர்ந்து மறைத்த கையை இயந்திரத்தின் மொழியிலேயே திரும்பக் கொண்டுவந்தது இந்த ஓவியம். லிக்டென்ஸ்டைன் சார்ந்த பாப் ஆர்ட் இயக்கம் வெகுசனப் பண்பாட்டைக் கொண்டாடியது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்த ஒரு படத்தைப் பொறுமையாகப் பார்த்தால் அந்த வரையறை போதாது என்பது தெரிந்துவிடும். தன் முதுகில் மாட்டியதைப் பெரிய வேட்டை என்று நினைத்துப் பூரிக்கும் வாத்து, புதிய பாணியை எட்டிப்பிடிக்க முயலும் ஓவியரையும் குறிக்கிறது என்று படிக்க இடமிருக்கிறது. 1973இல் தன் பணிக்கூடத்தை ஓவியமாகத் தீட்டியபோது அதன் சுவரில் இதே படத்தை மாட்டி வரைந்தார் அவர்.

சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் வேறு வழியில் போனார். கதையையும் முகபாவத்தையும் உதறிவிட்டு இரண்டு வட்டங்களையும் ஒரு சதுரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, 1969 முதல் 'ஜியோமெட்ரிக் மவுஸ்' என்ற சிற்ப வரிசையை உலோகத்தில் செய்தார். சதுரம் முகம், வட்டங்கள் காது. மேலே இரண்டு பிலிம் சுருள்களைச் சுமந்த பழைய சினிமா கேமராவின் சாயலும் அதில் உண்டு. எலியைப் பெற்ற இயந்திரமே எலியின் முகமாகிவிடுகிறது. 1972இல் ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த ஐந்தாவது டாக்குமெண்டா கண்காட்சிக்காக இதே வடிவத்தைத் தரைத்திட்டமாகக் கொண்ட ஓர் அருங்காட்சியகத்தையே அமைத்து, தாம் சேகரித்த சில்லறைப் பொருள்களை உள்ளே வைத்தார். 1981இல் ஆண்டி வார்ஹோல் தன் 'மித்ஸ்' அச்சுவரிசையில் சூப்பர்மேன், டிராகுலா முதலியோருடன் மிக்கியையும் சேர்த்தார். மினுங்கும் தூள் தூவிய அந்தப் படம் பிரபலமானது. ஆனால் ஏற்கனவே தெரிந்ததைத்தான் சொல்கிறது.

யாருடைய உருவம் என்ற கேள்வியை நேரடியாகக் கேட்டவர்கள் ஓவியக்கூடங்களுக்கு வெளியே இருந்தார்கள். 1971இல் சான் பிரான்சிஸ்கோவில் டான் ஓ'நீல் தலைமையில் கூடிய இளம் கார்ட்டூனிஸ்டுகள் தங்களுக்கு 'ஏர் பைரட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். 1930களின் மிக்கி செய்தித்தாள் தொடரில் வந்த வில்லன் கும்பலின் பெயர் அது. மிக்கியும் மின்னியும் போதைப்பொருள் கடத்துவதும் உடலுறவு கொள்வதுமாக இரண்டு இதழ்கள் போட்டார்கள். டிஸ்னி வழக்குத் தொடுத்தது. இவர்களை வெறும் குறும்பர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பழைய கார்ட்டூனிஸ்டுகளின் கோட்டை ஆசானிடம் கற்பதுபோல் படித்தவர்கள் அவர்கள். பாபி லண்டனின் கோட்டில் 'கிரேஸி கேட்' வரைந்த ஜார்ஜ் ஹெரிமனின் பாணி அப்படியே தெரியும். அந்த நுணுக்கமே நீதிமன்றத்தில் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. 1978இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பகடிக்கு மூலத்தை ஓரளவு எடுத்தாளலாம், ஆனால் உலகமே அறிந்த மிக்கியை நினைவூட்ட இவ்வளவு துல்லியமாகப் படியெடுக்க வேண்டியதில்லை என்று கருதியது. நன்றாக வரைந்ததுதான் குற்றமாயிற்று. ஓ'நீல் அதற்குப் பிறகும் 1979இல் மிக்கியை வைத்து ஒரு படக்கதை வெளியிட்டார். இனி மிக்கியை வரைவதில்லை என்ற உறுதிமொழியைப் பெற்றுக்கொண்டு 1980இல் நிறுவனம் விவகாரத்தை முடித்தது.

மறைந்த கையை மீட்ட இன்னொருவரான புரூக்லின் ஓவியர் ஜாய்ஸ் பென்சாட்டோ (2019இல் மறைந்தவர்) கடையில் விற்கும் எனாமல் பெயின்டை எடுத்து மிக்கியையும் டொனால்டையும் பேட்மேனையும் பல அடி உயரத்துக்குத் தீட்டினார். பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும். பிற்காலத்தில் வெள்ளியும் தங்கமும். கண்ணிலிருந்து பெயின்ட் வழிகிறது. அடித்த கோட்டின் மேலேயே வெள்ளையடித்து, மறுபடி கறுப்பில் அடித்திருக்கிறார். டிஸ்னி ஸ்டுடியோவில் படியெடுத்த பெண்கள் காட்டக் கூடாததாக இருந்த கையின் வேகமும் தயக்கமும் இங்கே துணி முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. உருவம் குலைந்தாலும் மிக்கி மிக்கியாகவே தெரிகிறது; மூன்று வட்டங்களின் உறுதி அப்படி.

மறைந்துபோன வரலாறுகளில் கனமானது இனம் பற்றியது. மிக்கியின் வெள்ளைக் கையுறை 1929இல் வந்தது. கறுப்பு உடம்பின் முன் கறுப்புக் கை தெரியாது என்ற நடைமுறைக் காரணம் உண்மைதான். ஆனால் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவரை நகல் செய்து சிரிக்கவைத்த மின்ஸ்ட்ரல் மேடையிலும் இதே கையுறை, இதே அகன்ற வாய், இதே உருண்ட கண் இருந்தன. நிக்கோலஸ் சாமண்ட் 2015இல் வெளியிட்ட ஆய்வுநூலில், தொடக்ககால அமெரிக்கக் கார்ட்டூன் விலங்குகள் அந்த மேடையின் நேரடி வாரிசுகள் என்று விரிவாக வாதிடுகிறார். இந்த வரலாற்றைப் படத்துக்குள்ளேயே திரும்ப வைத்தது 2017இல் ராப் பாடகர் ஜே-சியும் இயக்குநர் மார்க் ரோமானெக்கும் சேர்ந்து இயக்கிய 'தி ஸ்டோரி ஆஃப் ஓ.ஜே.' பாடல்காட்சி. 1930களின் கறுப்பு வெள்ளைக் கார்ட்டூன் பாணியை, துள்ளும் நடை முதல் பழைய பிலிமின் கறைவரை, அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொண்டு, பருத்தித் தோட்டத்தையும் அடிமைச் சந்தையையும் அதற்குள் காட்டினார்கள். பழைய இனக்கேலிச் சித்திரங்களின் தடித்த உதடுகள் மென்மையாக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. பார்க்கக் கூசுகிறது, அந்தப் பாணியின் இனிமையை இனி அறியாதவர்போல் ரசிக்க முடியாது. பழைய பாணியை நேர்த்தியாக மீட்டெடுக்கும் எத்தனையோ முயற்சிகள் இன்று வருகின்றன. 1930களின் ஃபிளைஷர் ஸ்டுடியோ பாணியில் கையால் வரைந்து உருவாக்கி 2017இல் வெளிவந்த கனடா நாட்டு வீடியோ கேம் 'கப்ஹெட்' அவற்றில் உழைப்பு மிக்கது. ஆனாலும் அது மீட்டது அழகை மட்டுமே.

கார்ட்டூன் கழித்துவிட்ட உடலை எலும்பிலிருந்து கட்டியெழுப்பியவர் தென்கொரியச் சிற்பி ஹியுங்கூ லீ. 2007 வெனிஸ் பியெனாலேயில் கொரிய அரங்கு முழுவதும் அவருக்கு ஒதுக்கப்பட்டது. அவருடைய 'அனிமேட்டஸ்' வரிசையில் பார்வையாளர் காண்பது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற ஓர் இருண்ட அறை. விளக்கொளியில் நிற்பவை எலும்புக்கூடுகள். ஒன்று முன்னே ஓடும் நெடுங்காலுள்ள பறவை. பின்னே வாய் பிளந்து துரத்தும் ஓநாய் இன விலங்கு. சில நொடிகளில் பார்ப்பவருக்குப் பிடிபட்டுவிடுகிறது: சக் ஜோன்ஸ் 1949இல் வார்னர் நிறுவனத்துக்காகத் தொடங்கிய ரோட் ரன்னர் படங்களின் கயோட்டியும் பறவையும்தான் இவை. டாமும் ஜெர்ரியும் இருக்கிறார்கள். பக்ஸ் பன்னி இருக்கிறது.

இவை பிசினால் வார்த்து, அலுமினியத் தண்டும் எஃகுக் கம்பியும் கொடுத்து நிறுத்தி, பழைய எலும்பின் நிறம் வரும்படி வண்ணம் பூசப்பட்டவை. வெறும் கற்பனையில் செய்ததாக இருந்தால் இது நல்ல வேடிக்கையாக முடிந்திருக்கும். லீ உண்மையான விலங்குகளின் எலும்பமைப்பைப் படித்தார். பிறகு கார்ட்டூனின் வெளிக்கோட்டிலிருந்து உள்நோக்கிக் கணக்கிட்டார். இவ்வளவு பெரிய கண் பொருந்த வேண்டுமானால் கண்குழி எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? இவ்வளவு மெல்லிய கழுத்து இந்தத் தலையைத் தாங்க வேண்டுமானால் முள்ளெலும்புகள் எப்படி அடுக்கப்பட வேண்டும்? விரல் குறைந்த கையின் மணிக்கட்டு எப்படியிருக்கும்? ஒவ்வொன்றுக்கும் விடை எலும்பாக நிற்கிறது. பெயரிலும் இதே கவனம். பழைய படங்களில் துரத்தல் தொடங்குமுன் சட்டகம் உறைந்து, கயோட்டிக்கும் பறவைக்கும் நகைச்சுவையான போலி லத்தீன் பெயர்கள் எழுத்தில் வரும். லீயோ உயிரியல் தரும் உண்மையான பெயர்களையே அடியாகக் கொண்டார்: 'கேனிஸ் லேட்ரன்ஸ் அனிமேட்டஸ்', 'ஜியோகாக்சிக்ஸ் அனிமேட்டஸ்'.

எத்தனை முறை பள்ளத்தாக்கில் விழுந்தும் சாகாத விலங்கு அந்த அறையில் இறந்திருக்கிறது. சாகாதவற்றுக்கு எச்சம் இருக்காது. எச்சம் இருக்கிறது என்றால் ஒருகாலத்தில் அவை உயிரோடு இருந்தன என்று பொருள். இதைவிட மரியாதையாக ஒரு கார்ட்டூன் பாத்திரத்தை நடத்திய சிற்பம் வேறில்லை என்று துணிந்து சொல்லலாம்.

ஜப்பானில் இந்த மரபு தனிக்கிளையாக வளர்ந்தது. ஒசாமு தெசுகா டிஸ்னி படங்களிலும் அமெரிக்கக் கார்ட்டூன்களிலும் ஊறியவர். 1952இல் அவர் தொடங்கிய 'அணு' என்ற ரோபோச் சிறுவனின் பெரிய கண்களில் அந்தக் கடன் தெரியும். தகாஷி முரகாமி 1993இல் உருவாக்கிய 'மிஸ்டர் டாப்' என்ற பாத்திரத்தின் ஒரு காதில் 'டி', மறு காதில் 'பி', நடுவே வட்ட முகமே 'ஓ'. மிக்கியின் கட்டுமானத்தை எழுத்தாக்கிய இந்த உருவம் சில ஓவியங்களில் பல கண்களும் கூரிய பற்களுமாகப் பெருகி வாந்தியெடுக்கிறது. 2005இல் நியூயார்க்கில் அவர் தொகுத்த கண்காட்சிக்கு 'லிட்டில் பாய்' என்று பெயர். ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டின் பெயர் அது. தோற்ற நாட்டின் காயத்துக்கும் குழந்தைத்தனமான உருவங்களின் பெருக்கத்துக்கும் உள்ள உறவை அவர் காட்ட முயன்றார். வாதம் வலுவானது. கைப்பை விற்பனை வரை அவர் அதை நீட்டியபோது அந்த வலு குறைந்தது.

தெசுகாவின் ரோபோவை ஆழமாக மறுபடி எழுதியவர் நவோகி உரசவா. 1964-65இல் வந்த ஒரு கதைப்பகுதியை எடுத்து, தெசுகாவின் மகன் மகோட்டோவின் மேற்பார்வையில், 2003 முதல் 2009 வரை 'புளூட்டோ' என்ற தொடராக வரைந்தார். மூலத்தின் நாயகனைச் சற்றுத் தள்ளிவைத்து, ஜெர்மானியத் துப்பறியும் ரோபோவான கெசிக்ட்டின் கண்வழியே கதையை நடத்தினார். அணு இங்கே மேல்நோக்கி நிற்கும் முடிக்கூம்பு இல்லாத சாதாரணப் பள்ளிச்சிறுவன். தொடக்கத்திலேயே ஒரு காட்சி வருகிறது. பணியில் அழிந்துபோன காவல்துறை ரோபோவின் மனைவிக்குச் செய்தி சொல்ல கெசிக்ட் போகிறான். அவள் பழைய மாதிரி ரோபோ. முகம் அசையாத உலோகத்தகடு. நினைவை அழித்துவிடலாமா என்று கேட்கிறான். அவள் வேண்டாம் என்கிறாள். கட்டத்துக்குக் கட்டம் அதே முகம். ஒரு கோடும் மாறவில்லை. ஆனாலும் வாசகருக்கு அந்த முகத்தில் துக்கம் தெரிகிறது. சிறுவர் சாகசக் கதையில் உடைந்து சிதறும் இயந்திரங்களாக இருந்தவை இங்கே இறப்பவை ஆகின்றன. இறந்தவருக்காக அழ ஆள் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியோடு செய்யப்படும் மறுஆக்கம் மொண்ணையாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையை இந்தத் தொடர் உடைத்துவிட்டது.

1999இல் பிரெஞ்சுக் கலைஞர்கள் பியர் உய்க், பிலிப் பரேனோ இருவரும் ஒரு ஜப்பானிய நிறுவனத்திடமிருந்து ஆன்லீ என்ற பாத்திரத்தின் உரிமையை 46,000 யென் கொடுத்து வாங்கினார்கள். கூட்டத்தில் ஒருத்தியாக வந்து மறையவேண்டிய மலிவான உருவம் அது. பின்கதையும் ஆற்றலும் உள்ள பாத்திரங்களுக்கு விலை அதிகம். அவளை வைத்துப் படமெடுக்க மற்றக் கலைஞர்களையும் அழைத்தார்கள். 2002இல் அவளுடைய உரிமையைச் சட்டப்படி அவள் பெயரிலேயே மாற்றி, இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்தார்கள். கார்ட்டூன் பாத்திரத்தின் உரிமை பற்றி ஏர் பைரட்ஸ் எழுப்பிய கேள்விக்கு இது எதிர்த்திசையிலிருந்து வந்த விடை.

சந்தையில் வென்றவர் வேறொருவர். கவ்ஸ் என்ற பெயரில் இயங்கும் பிரையன் டான்னலி இளமையில் அனிமேஷன் ஸ்டுடியோக்களில் பின்னணி தீட்டியவர். மிக்கியின் உடலும் கண்ணிடத்தில் பெருக்கல் குறியும் கொண்ட 'கம்பேனியன்' பொம்மையை 1999இல் ஜப்பானில் வெளியிட்டார். சிம்ப்சன்ஸ் பாத்திரங்களை வைத்து அவர் 2005இல் தீட்டிய ஓவியம் 2019இல் ஹாங்காங் ஏலத்தில் சுமார் 1.48 கோடி டாலருக்குப் போயிற்று. முதல் பொம்மையில் ஒரு சோகம் இருந்தது. அந்தப் பெருக்கல் குறி எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒன்றுபோல் வந்தபிறகு, எந்தப் பாத்திரத்தைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. தொழிற்சாலைக் கோட்டை இன்னொரு தொழிற்சாலைக் கோடாக மாற்றியதுதான் மிச்சம்.

1998இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுவனங்களின் ஆக்கங்களுக்கான பதிப்புரிமைக் காலத்தை 75 ஆண்டிலிருந்து 95 ஆக நீட்டியது. அந்தக் காலமும் முடிந்து 2024 ஜனவரி 1 அன்று 'ஸ்டீம்போட் வில்லி'யின் மிக்கி அமெரிக்காவில் பொதுச்சொத்தானது. மிக்கியை வணிகச் சின்னமாகப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்திடமே இருக்கிறது. பிற்கால வடிவங்கள் பலவற்றுக்குக் காலம் இன்னும் முடியவில்லை. அன்றே, மிக்கி முகமூடி அணிந்த கொலைகாரனைக் காட்டும் ஒரு திகில் படத்தின் முன்னோட்டம் வந்தது. முந்தைய ஆண்டு வின்னி த பூவுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. இந்தப் படங்களில் முகமூடிக்குள் இருப்பவர் யாராக இருந்தாலும் வேறுபாடில்லை. கோட்டை ஒருவரும் பார்க்கவேயில்லை. வழக்கின் நிழலில் ஓ'நீல் கூட்டத்தார் செலுத்திய கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட, பதிப்புரிமைத் தடை நீங்கிய இந்தக் காலத்தில் செலுத்தப்படவில்லை.

2025இல் கையுறை அணிந்த மிக்கியும் பாப்பாயும், 2026இல் பெட்டி பூப்பின் முதல் வடிவமும் அதே வரிசையில் வந்துவிட்டன. இவற்றைக் கையிலெடுக்க விரும்பும் இளம் ஓவியர்கள் 'ஸ்டீம்போட் வில்லி'யை ஒவ்வொரு சட்டகமாக நிறுத்தி, தம் கையால் வரைந்து பார்க்க வேண்டும். படம் ஏழே முக்கால் நிமிடம்தான். அதில் எது விடுபட்டிருக்கிறது என்பது வரைந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.